தூரம் ஒன்றுதான், போக ஒரு நேரம், வர ஒரு நேரம்: இது எப்படி?

கேள்வி: 2025 மார்ச் 12, காலை 9.40

வரும் 21ஆம் தேதி நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ போகிறேன், 27ஆம் தேதி திரும்புகிறேன். தூரம் கணக்கிடும் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தால் 5,550 கிலோமீட்டர் சொச்சம், பயண நேரம் 6 மணி 10 நிமிடம் என்கிறது. எனக்கு வந்த குறுஞ்செய்தியில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் மட்டும்தான் இருக்கின்றன. இரு ஊருக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்று வைத்துக் கழித்தால் போக 6 மணி, வர 9 மணி ஆகிறது. ஒரே தூரத்துக்கு 3 மணி வித்தியாசமா? தளம் தவறா, டிக்கெட் தவறா? திரும்பி வந்ததும் இரண்டு மணி நேரத்தில் உள்நாட்டு விமானம் ஒன்று பிடிக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: மார்ச் 12, பகல் 1.15

தளம் சொல்வது பயண நேரமே இல்லை. அது 5,550ஐ 900ஆல் வகுத்துத் தருகிறது, அவ்வளவுதான். காற்றே இல்லாத வானத்தில், ஓடுபாதையை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்து முழு வேகத்தில், யாரிடமும் அனுமதி கேட்காமல், வளையாமல் போய் இறங்கும் ஒரு விமானத்துக்கான விடை அது. அப்படி ஒரு விமானம் கிடையாது.

900 என்ற எண் மட்டும் சரியானதுதான். நீண்ட தூரம் பறக்கும் இன்றைய பெரிய விமானங்கள் மாக் 0.85 அளவில், அதாவது ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில், போகின்றன. 11 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் அதிகம் என்பதால் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான். அதில் 0.85 பங்கு என்றால் 900. சிறிய, ஒற்றை நடைபாதை விமானங்கள் 0.78 அளவில்தான் போகும், அதாவது சுமார் 830. ஐயாயிரம் கிலோமீட்டரில் இந்த வித்தியாசம் மட்டுமே அரை மணி நேரம். ஆகவே எந்த விமானம் என்று தெரியாமல் நேரம் சொல்லும் எந்தத் தளத்தையும் நான் நம்புவதில்லை.

இன்னொன்று. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பது இயல்பு. ஆனால் இந்தத் தூரத்துக்கு 3 மணி நேரம் எனக்கு அதிகமாகப் படுகிறது. குறுஞ்செய்தியில் உள்ள நேரங்களை அப்படியே இங்கே போடுங்கள், பார்ப்போம்.

மார்ச் 12, இரவு 10.05

தூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக்கொண்டு, பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக எண்ணி, அதன் மேல்பரப்பில் மிகக் குறுகிய வளைகோட்டைக் கணக்கிடுகிறார்கள். அதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது, அதைக் கணக்கில் சேர்த்தால் விடை அரை சதவீதத்துக்கு உள்ளாக மாறும். 1975இல் வின்சென்டி என்பவர் தந்த சூத்திரம் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டு தளங்கள் இரண்டு எண் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான், அதில் மல்லுக்கட்ட ஒன்றுமில்லை.

உலக உருண்டை வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். ஒரு நூலை எடுத்து சிட்னியில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சிலியின் சாண்டியாகோவில் வைத்து இறுக்குங்கள். இரண்டு ஊரும் தெற்கே ஏறக்குறைய 34 டிகிரியில்தான் இருக்கின்றன. சுவரில் மாட்டும் வரைபடத்தில் நேர்கிழக்கே பசிபிக்கைக் கடந்தால் போதும் என்று தோன்றும். நூலை இறுக்க இறுக்க அது தானாகத் தெற்கே வழுக்கிக்கொண்டு போகும், 62 டிகிரி வரை, கிட்டத்தட்ட அண்டார்க்டிகாவின் வாசல் வரை. நூல் போகும் வழி சுமார் 11,360 கிலோமீட்டர். 34 டிகிரியிலேயே கிழக்கே போயிருந்தால் 1,400 கிலோமீட்டர் கூடியிருக்கும். என் வீட்டுக் குழந்தைகளுக்கு இதைக் காட்டியபோது நூலைப் பிடித்து மேலே இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். விட்டதும் அது மறுபடியும் தெற்கே போய்விடும்.

மார்ச் 13, காலை 7.30

இடையில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, ஆகவே மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானே எதிரில் வந்து சேரும், அது சீக்கிரம் போய்விட வேண்டும், நடப்பது தலைகீழாக இருக்கிறதே என்று.

நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் காற்றும் அதோடு சேர்ந்தே ஓடுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் ஓடுகிறது. கிளம்பிய பிறகு அந்த வேகம் எங்கும் போய்விடாது. ஊர் எதிரில் வருவதாக இருந்தால், நின்ற இடத்தில் குதித்தாலே நாம் பக்கத்துத் தெருவில் போய் விழ வேண்டும்.

ஆனால் சுழற்சிக்கு வேறு வழியில் பங்கு உண்டு. வெப்பப் பகுதிக்கும் துருவப் பகுதிக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் இருப்பதால் காற்று துருவம் நோக்கி நகரப் பார்க்கிறது. பூமி சுழல்வதால் அது கிழக்குப் பக்கம் திரும்பி, 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஒடுங்கிய ஆறாக ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். விமானங்கள் பறக்கும் உயரமும் அதே. குளிர்காலத்தில் அந்த வெப்பநிலை வித்தியாசம் பெரிது, காற்றும் பலம். அட்லாண்டிக்கில் ஜனவரியில் பறப்பதும் ஜூலையில் பறப்பதும் ஒரே நேரம் எடுக்காது.

இதை முதலில் ஆராய்ந்து எழுதியவர் ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி. 1920களில் பலூன்களை மேலே விட்டு, அவை எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்று தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தார். முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்றுதான் அந்த மொழியைத் தேர்ந்தெடுத்தார், ஆனால் வெளியே படித்தவர்கள் மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் மாட்டித் திணறினார்கள். எனக்கு இது மனம் கனக்கும் செய்தி. அத்தனை உழைப்பு கண்ணெதிரே கிடந்தும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மார்ச் 14, மாலை 6.20

காற்று எவ்வளவு செய்யும்? 2020 பிப்ரவரியில் சியாரா புயல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்று அப்போதும் கேட்டார்கள். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. அந்தக் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

பயணம் முழுக்க நான் பார்ப்பது படம் அல்ல, எதிரே உள்ள சின்னத் திரையின் வரைபடம்தான். உயரம், வெளியே உள்ள வெப்பநிலை, தரைவேகம், மீதித் தூரம் என்று மாறி மாறி வரும். ஒரு குளிர்கால இரவில் கிழக்கே போகும்போது தரைவேகம் 940, 985, 1,020 என்று ஏறிக்கொண்டே போனது. வெளியே மைனஸ் 57 டிகிரி. இருக்கையில் ஒன்றுமே தெரியவில்லை, கோப்பையில் தண்ணீர் கூட ஆடவில்லை. பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார், நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1,140 வரை போய், விமானம் லேசாகக் குலுங்கியது, பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. அந்தக் குலுக்கலில் காற்றாற்றின் ஓரத்தைக் கடந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அதே வழியில் திரும்பியபோது பல மணி நேரம் 790ஐத் தாண்டவே இல்லை.

போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 9,000 கிலோமீட்டர் தூரம், விமானம் 900, காற்று 100 என்று வையுங்கள். காற்று இல்லாவிட்டால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி. காற்று இருந்தால் போக 9 மணி, வர 11 மணி 15 நிமிடம், மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டியிருக்கிறோம், அதனால்தான். காற்று ஒரே மாதிரி வீசினால் போய்வர ஆகும் மொத்த நேரம் கூடத்தான் செய்யும், குறையாது.

மார்ச் 14, மாலை 6.55

11 கிலோமீட்டர் உயரத்தில் போவதால் வட்டம் பெரிதாகி, தூரம் கூடுமே என்று கேட்டிருக்கிறார்கள். கூடும். 10,000 கிலோமீட்டருக்கு 17 கிலோமீட்டர். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மார்ச் 17, பகல் 11.50

தரையில் போகும் நேரத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. புறப்படும் கேட்டில் சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகரும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த கேட்டில் நிற்கும் நிமிடம் வரை. இதற்குப் பிளாக் டைம் என்று பெயர். நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது, இறங்கிய பின் கேட் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அடக்கம். பெரிய நிலையங்களில் இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி நேரம் சர்வசாதாரணம்.

வானத்திலும் முழு வேகம் உடனே வராது. மேலே ஏறவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (knot) வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி வேறு இருக்கிறது, அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர். இறங்குவதற்கு விமானிகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடிக்கு 3 நாட்டிக்கல் மைல். 35,000 அடியில் இருந்தால் 105 நாட்டிக்கல் மைல், ஏறக்குறைய 195 கிலோமீட்டருக்கு முன்பே இறங்க ஆரம்பிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் இறங்க விடுவார்களா என்பது வேறு. ஒரு காலைப் பயணத்தில் நிலையம் இதோ கீழே என்று திரை காட்டிக்கொண்டிருக்க, ஜன்னல் வழியாக விழுந்த வெயில் முன் இருக்கையின் முதுகில் இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. மறைந்தது. மறுபடியும் இடப்பக்கம் வந்தது. அப்போதுதான் சுற்றுகிறோம் என்று புரிந்தது. காத்திருக்கும் விமானம் ஓட்டப்பந்தயத் திடல் வடிவில் சுற்றும்: ஒரு நிமிடம் நேராக, ஒரு நிமிடம் திரும்பல், மறுபடியும் நேராக, மறுபடியும் திரும்பல், நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று. வெயில் பலமுறை வந்து போனது. இறங்கியபோது கேட்டில் நான் பிடிக்க வேண்டிய அடுத்த விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த விமான நிறுவனம் கனெக்ஷனுக்குப் போதிய நேரம் கொடுத்துத்தான் டிக்கெட் விற்றது, காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். பழைய பயணங்களின் பதிவை வைத்துத்தான் நேரம் குறிக்கிறார்கள், கொஞ்சம் தாராளமாகவே. அமெரிக்கக் கணக்கில் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரத்தில் வந்த விமானம். அட்டவணையில் இருபது நிமிடம் சேர்த்துவிட்டால் தாமதமான விமானமும் சரியான நேரத்தில் வந்துவிடும். "சீக்கிரமே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வருவதும் இப்படித்தான்.

மார்ச் 18, காலை 8.10

சுருக்கமாக ஒரு கணக்கு கேட்டவர்களுக்கு. நான் போடுவது இது: தூரத்தை 900ஆல் வகுக்கவும். ஏறி இறங்க அரை மணி, தரையில் அரை மணி, மொத்தம் ஒரு மணி சேர்க்கவும். கிழக்கே போனால் 900க்குப் பதில் 980, மேற்கே போனால் 820. மத்திய அட்சரேகைகளில் ஓடும் வழிகளுக்குத்தான் இது. நிலநடுக்கோட்டை ஒட்டியோ வடக்கு தெற்காகவோ போனால் 900ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கிலிருந்து லண்டன்: 5 மணி 40 நிமிடம், அதோடு ஒரு மணி, 6.40. திரும்பி வர 7.46. அட்டவணைகளில் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஏழு, எட்டு மணி என்று. அப்படியிருக்க 6, 9 எங்கிருந்து வந்தது? இன்னும் உறுத்துகிறது. நேரங்களைப் போடச் சொன்னேனே.

மார்ச் 20, இரவு 9.30

போட்டுவிட்டார், நன்றி. நியூயார்க்கில் 21ஆம் தேதி மாலை 7.00, லண்டனில் மறுநாள் காலை 6.00. திரும்பும்போது லண்டன் காலை 11.00, நியூயார்க் மாலை 3.00.

விஷயம் கடிகாரத்தில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் வருடத்தில் பெரும்பாலான நாட்களில் 5 மணி நேரம் வித்தியாசம், அது சரிதான். ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கோடை நேரத்துக்கு மாறிவிடும், இந்த வருடம் 9ஆம் தேதி. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும், அதாவது 30. நடுவே உள்ள மூன்று வாரங்களில் வித்தியாசம் 4 மணி. உங்கள் இரண்டு பயணமும் சரியாக அந்த இடைவெளிக்குள் வருகின்றன. 5ஐ வைத்துக் கழித்ததால் போகும்போது ஒரு மணி குறைந்தது, வரும்போது ஒரு மணி கூடியது. உண்மையில் போக 7, வர 8. ஒரு மணி வித்தியாசம், அது காற்றின் கணக்கு.

யுடிசியில், அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரத்தில், எழுதிக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. நியூயார்க் மாலை 7.00 என்பது 23.00, லண்டன் காலை 6.00 என்பது 06.00. கழித்தால் 7. விமானிகளும் கட்டுப்பாட்டு அறைகளும் யுடிசியில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

பசிபிக்கில் தேதி மாறும் நாள் கோட்டைக் கடக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டோக்கியோவில் இரவு 8 மணிக்குக் கிளம்பி ஏழு மணி நேரம் பறந்தால் ஹொனலுலுவில் அதே நாள் காலை 8 மணி. கிளம்பியதற்கு பன்னிரண்டு மணி நேரம் முன்னதாக இறங்குகிறோம். ஹோட்டலை மறுநாளுக்குப் பதிவு செய்துவிட்டு, காலையில் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவருக்கு மறுபடியும்: நேரம் தெளிவாகிவிட்டது, ஆனால் உங்கள் இரண்டு மணி நேரக் கனெக்ஷன் எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைப்பது, பிறகு இன்னொரு பாதுகாப்புச் சோதனை. எதிர்காற்று அன்று பலமாக இருந்தால் அரை மணி அங்கேயே போய்விடும். இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பரவாயில்லை, அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனியாக எடுத்திருந்தால் உள்நாட்டு விமானத்தை மாலை 7க்கு மேல் மாற்றிக்கொள்ளுங்கள்.

மார்ச் 23, காலை 10.00

நூலைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தபோது, பெருவட்டம்தான் எப்போதும் சிறந்த வழி என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பட்டது. அப்படி இல்லை. அது தரைக்குக் குறுகிய வழி. விமானத்துக்குக் குறுகிய வழி என்பது காற்றுக்குள் குறைவாகப் பறக்கும் வழி. வட அட்லாண்டிக்கில் ஓடும் வழித்தடங்களையே தினமும் காற்றைப் பார்த்து மாற்றி வரைகிறார்கள், கிழக்கே போக ஒரு தொகுதி, மேற்கே போக ஒரு தொகுதி. நேற்றைய வழி இன்று இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் பறந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகப் போய்ப் பார்த்தார்கள், 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதல், ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி சீக்கிரம்.

சிங்கப்பூர் - நியூயார்க் இன்னும் ஒரு படி மேல். 15,349 கிலோமீட்டர், பூமியைச் சுற்றிய தூரத்தின் பாதியில் முக்கால் பங்குக்கு மேல். அவ்வளவு தள்ளி இருந்தால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பெரிய வித்தியாசம் இராது. ஆகவே பல நாட்களில் சிங்கப்பூரிலிருந்து கிளம்புவது பசிபிக் வழியாகக் கிழக்கே போகும், நியூயார்க்கிலிருந்து திரும்புவது அட்லாண்டிக் வழியாக, அதுவும் கிழக்கே. போகவும் பின்காற்று, வரவும் பின்காற்று. போய்த் திரும்புகிறவர் உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். இரண்டு பக்கமும் பதினெட்டு மணி சொச்சம்.

ஆகவே என் கைக்கணக்கில் ஒரு திருத்தம்: 13,000 கிலோமீட்டருக்கு மேல் போனால் கிழக்கு, மேற்கு என்ற பாகுபாட்டை அப்படியே போடாதீர்கள். விமானம் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஏப்ரல் 2, மாலை 4.40

காற்றை எழுதியாயிற்று, அனுமதியை எழுதவில்லை. ஹெல்சிங்கி - டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். ரஷ்யாவின் மேல் பறந்தபோது ஒன்பது மணி சொச்சம் ஆனது. 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு அதே பயணம் 13 மணி நேரம். பின்லாந்தின் பின்னேர் விமான நிறுவனம் வட துருவம் வழியாகவே சுற்றிப் போக ஆரம்பித்தது. பனிப்போர்க் காலத்தில் இருந்த நிலை இது. 1957இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்குத் துருவ வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கித்தான் போனது. தூரக் கணக்குத் தளத்தில் இன்று ஹெல்சிங்கி - டோக்கியோ போட்டுப் பாருங்கள், எதுவுமே நடக்காதது போல அதே 7,800தான்.

திபெத் மேலே விமானங்கள் அதிகம் போகாததற்கு வேறு காரணம். கேபினில் அழுத்தம் குறைந்தால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அந்தப் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல், அதாவது 14,700 அடிக்கும் மேலே இருக்கிறது. இறங்க இடம் இல்லை.

இரட்டை இன்ஜின் விமானத்துக்கு இன்னொரு கட்டு: ஒரு இன்ஜின் நின்றால் குறித்த நேரத்துக்குள் போய் இறங்க ஏதாவது ஒரு நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்பு 60 நிமிடம், 1985இல் 120 ஆனது, இப்போது ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது. சிட்னி - சாண்டியாகோ மாதிரி, கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லாத வழிகளில் நூலை ஒட்டிப் போக முடிவது இதனால்தான்.

ஏப்ரல் 26, காலை 7.15

இரண்டு நாள் முன்பு பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடிவிட்டது. 2019 பிப்ரவரி கடைசியில் மூடியபோது ஜூலை நடுவில்தான் திறந்தார்கள். டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்கள் தெற்கே அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டும். பழைய டிக்கெட்டில் உள்ள நேரத்தை நம்பிக் கனெக்ஷன் வைத்திருப்பவர்கள் இன்றே நிறுவனத்திடம் கேளுங்கள். வட அமெரிக்கா போகும் நீண்ட விமானங்கள் நடுவில் எரிபொருளுக்காக இறங்கவும் கூடும்.

ஏப்ரல் 29, இரவு 8.50

பெர்த் - லண்டன் போகும் ஒருவர் என் கணக்கைச் சோதித்துவிட்டு எழுதியிருக்கிறார். 14,500 கிலோமீட்டரை 900ஆல் வகுத்து ஒரு மணி சேர்த்தால் 17 மணி 7 நிமிடம். 2018 மார்ச்சில் குவாண்டாஸ் இந்த நேரடி விமானத்தைத் தொடங்கியபோது போக 17 மணி சொச்சம் என்றுதான் குறித்தது. கணக்கு பொருந்துகிறதே, பிறகு ஏன் போகும்போது ஒரு பயணத்தில் சிங்கப்பூரில் நிறுத்தினார்கள், வரும்போது நேராக வந்துவிட்டோமே என்று கேட்கிறார்.

2024 ஏப்ரலில் ஈரான் பக்கத்து வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தபோது வழி நீண்டுவிட்டது. வடமேற்கே போகும் பயணத்துக்குக் காற்று எதிரே, அந்தச் சுற்று வழிக்குத் தேவையான எரிபொருளோடு முழு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நேராகப் போக முடியாது. அதனால் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனார்கள். லண்டனிலிருந்து திரும்புவதற்குக் காற்று பின்னால் இருந்தது, நிறுத்தாமல் பெர்த் வரை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலும் இதுவே நடந்தது. உங்களுடையதும் அந்த நாட்களில் ஒன்றாக இருக்கும்.

அடுத்த முறை எடுக்கும்போது, லண்டனில் இறங்கிய பிறகு ரயிலோ வேறு விமானமோ பிடிப்பதாக இருந்தால், போகும் பக்கம் மட்டும் நான்கு மணி நேரம் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். வரும் பக்கத்துக்கு இரண்டு போதும்.